சாடி பெரிதானால் செடி பெரிதாகுமா?



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கடன், கொள்வனவு, கணக்குப் புத்தகம் என்றுதான் பேசுவோம். இன்று வீட்டுக்குள் வளர்க்கும் பூச்செடியைச் சாடி மாற்றுவது பற்றி எழுதப் போகிறேன். "இவருக்கு எழுத வேறு விடயம் கிடைக்கவில்லையா?" என்று எண்ண வேண்டாம். எனது வியாபார வாழ்வில் நான் கற்ற மிகப் பெரிய பாடத்தை ஒரு மணி பிளான்ட் செடிதான் கற்றுத் தந்தது. அந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த கட்டணம் சிறியதல்ல.

கடையும் செடியும் ஒன்றாக வந்த கதை

ஏறாவூரில் ஒரு குறுக்கு வீதியில் பிளாஸ்டிக் பொருட்களும் வீட்டுப் பாவனைப் பொருட்களும் விற்கும் சிறு கடை வைத்திருந்தேன். பத்து அடி அகலம், இருபது அடி நீளம். மாத விற்பனை சராசரி 6 இலட்சம் ரூபா. நூற்றுக்கு இருபது இலாபம் என்றால் 1 இலட்சத்து 20 ஆயிரம். வாடகை 12 ஆயிரம், ஒரு பையனின் சம்பளம் 30 ஆயிரம், மின்சாரம் முதலிய சில்லறைச் செலவு 8 ஆயிரம். மிகுதி 70 ஆயிரம் வீட்டுக்கு வரும். கடை நெருக்கமாக இருந்தது. வாளிகள் கூரையில் தொங்கின. பாய்கள் வாசலில் சாய்ந்து நின்றன. வாடிக்கையாளர் இருவர் வந்தால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். "கடை போதாது" என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மையும்தான்.

2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், கொரோனா ஊரடங்கு நீங்கியதும், பிரதான வீதியில் ஒரு பெரிய கடையை எடுத்தேன். இருபது அடி அகலம், நாற்பது அடி நீளம். "இரண்டு மடங்கு கடை" என்று பெருமையோடு சொல்லிக் கொண்டேன். முதல் தவறே அந்தக் கணக்கில்தான் இருந்தது. நீளமும் இரண்டு மடங்கு, அகலமும் இரண்டு மடங்கு என்றால் இடம் நான்கு மடங்கு. 200 சதுர அடி 800 ஆகிவிட்டது. வெறும் தட்டுகளை வைத்துக் கொண்டு கடை திறக்க முடியுமா? புறக்கோட்டை மொத்த வியாபாரிகளிடம் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துச் சாமான் இறக்கினேன்.

ஊரடங்குக் காலத்தில் வீட்டுக்குள் செடி வளர்க்கும் ஆசை எல்லோருக்கும் வந்திருந்தது அல்லவா? அதையும் விடவில்லை. கடை அழகாகவும் இருக்கும், விற்கவும் செய்யலாம் என்று 40 செடிகள் வாங்கினேன். மணி பிளான்ட், பாம்புச் செடி எனும் சன்செவேரியா, பீஸ் லில்லி, அந்தூரியம். எல்லாம் ஆறு அங்குலச் சாடியில் வந்தவை. பெரிய சாடியில் வைத்தால் பெரிய விலை சொல்லலாம் என்று என் கடையிலேயே இருந்த பன்னிரண்டு அங்குலச் சாடிகளை எடுத்து, வீட்டு வளவு மண்ணை நிரப்பி, நாற்பதையும் ஒரே நாளில் மாற்றி வைத்தேன். நவம்பர் மாதம், மாரி மழை தொடங்கிய வாரம்.

ஜனவரி நடுப்பகுதியில் 27 செடிகள் செத்துவிட்டன.

மாமி சொன்ன கணக்கு

எங்கள் பகுதி வழக்கப்படி நான் மனைவியின் வீட்டில் இருப்பவன். மாமி என்னோடு அதிகம் பேச மாட்டார். வேண்டியதை மகள் மூலமே சொல்லி அனுப்புவார். அவரது விறாந்தையில் இருபது வருடமாகச் செடிகள் செழித்து நிற்கின்றன. செத்த செடிகளை நான் வீட்டுக்குக் கொண்டு வந்து கொட்டியபோது ஒன்றைக் கையில் எடுத்து வேரை விரலால் உருவினார். கறுத்த தோல் கழன்று வந்தது, அழுகல் மணம்.

"மகன், இது தண்ணி இல்லாமச் செத்த செடி இல்ல. தண்ணி கூடிச் செத்தது. சின்னப் புள்ளைக்கு வாப்பாட செருப்பப் போட்டு உட்டா ஓடவா போகுது? விழத்தான் செய்யும்" என்றார்.

"பெரிய சாடி என்றால் வேருக்கு நல்லதுதானே மாமி?" என்று கேட்டேன்.

"வேர் குடிக்கிற அளவுக்குத்தான் மண் வேணும். வேர் இல்லாத மண்ணுல நிக்கிற தண்ணிய யாரு குடிக்கிற?"

மாமி சொன்னதைப் பிறகு வாசித்து விளங்கிக் கொண்டேன். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண் துகள்களுக்கு இடையே உள்ள சிறு வெளிகளில் காற்று இருக்கும். சிறிய வேர்த் தொகுதியைச் சுற்றிப் பெருமளவு மண்ணைப் போட்டால் அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்ச அங்கே வேர் இல்லை. ஈரம் நாட்கணக்கில் நிற்கும், காற்று வெளியேறும், வேர் மூச்சடைத்து இறக்கும், இறந்த வேரில் அழுகல் நோய்க் கிருமிகள் குடியேறும். வேர் அழுகிய செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது என்பதால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

கடையில் செய்த அதே கணக்குத் தவறையே சாடியிலும் செய்திருந்தேன். ஆறு அங்குலச் சாடியைப் பன்னிரண்டு அங்குலமாக்கினால் மண் இரண்டு மடங்கு ஆகாது. அகலம், நீளம், ஆழம் மூன்றும் இரட்டிப்பதால் எட்டு மடங்காகும். ஆறை எட்டு அங்குலமாக்கினால்கூட மண் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது.

இரட்டித்தால் எவ்வளவு வளரும்?

அப்படியானால் சாடியை மாற்றவே கூடாதா? அதுவும் தவறு. ஹென்ட்ரிக் பூர்டர் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் சாடியின் அளவு பற்றிய 65 ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2012 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாடியின் கொள்ளளவு இரட்டிக்கும்போது செடியின் வளர்ச்சி சராசரியாக 43 வீதம் கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. சிறிய சாடி செடியை நெரிக்கிறது என்பதற்கு இது சான்று. அதேவேளை இடம் நூறு வீதம் கூடினாலும் வளர்ச்சி நூறு வீதம் கூடுவதில்லை என்பதற்கும் இதுவே சான்று.

இதை வாசித்த அன்று எனது புதிய கடையின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். இடம் நான்கு மடங்கு. விற்பனை 6 இலட்சத்திலிருந்து 9 இலட்சம்; அதாவது 50 வீதம் மட்டுமே கூடியிருந்தது. இலாபம் 1 இலட்சத்து 80 ஆயிரம். வாடகை 45 ஆயிரம், மூன்று பையன்களின் சம்பளம் 90 ஆயிரம், மின்சாரம் முதலிய செலவு 15 ஆயிரம். செலவு மட்டும் 1 இலட்சத்து 50 ஆயிரம். மிகுதி 30 ஆயிரம். விற்பனை கூடியது, வீட்டுக்கு வருவது பாதிக்கும் கீழே போனது. வேர் இல்லாத மண்ணில் தண்ணீர் தேங்கியது போல, விற்காத தட்டுகளில் எனது பணம் தேங்கி நின்றது.

அடுத்து நடந்தது நாடே அறிந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமாகும்போது 360 ரூபா அளவுக்குப் போனது. எனக்குச் சாமான் தந்தவர்கள் "இனிக் காசோலை வேண்டாம், காசு கொண்டு வாருங்கள்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் அதே நெருக்கடி. ஏப்ரலில் ஒரே வாரத்தில் எனது மூன்று காசோலைகள் வங்கிக்கு வர இருந்தன. மொத்தம் 4 இலட்சத்து 60 ஆயிரம். கையில் இருந்தது 1 இலட்சத்து 60 ஆயிரம். காசோலை திரும்பினால் சந்தையில் நம் பெயர் என்னவாகும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். மனைவியின் காப்புகளை விற்றுத்தான் அந்த வாரத்தைக் கடந்தேன். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாரம் சற்றுக் குறைந்திருக்கும்.

சாடியைச் சிறிதாக்குதல்

மிஞ்சிய 13 செடிகளையும் மாமி வெளியே எடுக்கச் சொன்னார். அழுகிய வேர்களைக் கத்தரித்து, நல்ல வேர் கொள்ளும் அளவுக்குச் சிறிய சாடிகளில் திரும்ப வைத்தோம். 11 செடிகள் பிழைத்தன. அதைப் பார்த்த பிறகுதான் கட்டட உரிமையாளரிடம் போய்ப் பேசும் துணிவு எனக்கு வந்தது. கடையின் பின்பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். 400 சதுர அடி எனக்குப் போதும் என்று முடிவு செய்தேன். "கடை சுருங்கிவிட்டதாமே" என்று பேசியவர்களும் உண்டு. அந்த வருட இறுதியில் கணக்குப் பார்த்தபோது கடை தன் செலவைத் தானே சுமந்தது. காப்புகளின் கடனை நான் இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை. அது எனக்கும் வீட்டுக்கும் இடையிலான கணக்கு.

இனிச் செடி வைத்திருப்பவர்களுக்கும், விற்க நினைப்பவர்களுக்கும் மாமியிடமும் அனுபவத்திலும் கற்ற முறையைத் தருகிறேன்.

எப்போது மாற்ற வேண்டும்?

சாடியின் அடித்துளையால் வேர் வெளியே வந்தால், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் உடனே கீழே ஓடினால், முன்பு நான்கு நாள் தாங்கிய ஈரம் ஒரே நாளில் காய்ந்தால், புதிய இலைகள் சிறுத்து வந்தால் சாடி போதவில்லை என்று பொருள். சந்தேகம் இருந்தால் செடியை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். வேர்கள் சுருள் சுருளாகச் சுற்றி மண்ணே தெரியாமல் இருந்தால் மாற்றலாம். மண்தான் அதிகம் தெரிகிறது என்றால் அப்படியே திரும்ப வையுங்கள். பாம்புச் செடியின் கிழங்குத் தண்டு பிளாஸ்டிக் சாடியை வெடிக்க வைக்கும் வலிமை கொண்டது. ஆயினும் அது நெருக்கத்தை விரும்பும் செடி, அவசரம் வேண்டாம்.

எங்கள் பகுதிக்கு ஏற்ற காலம் மாரி மழை ஓய்ந்த பின், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. மழைக் காலத்தில் மண் காயாது. கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ வெட்டுண்ட வேர் உறிஞ்சுவதை விட வேகமாக இலை தண்ணீரை இழக்கும்.

எப்படி மாற்ற வேண்டும்?

1. முதல் நாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமான வேர் எளிதில் முறியாது.

2. புதிய சாடி பழையதை விட ஒன்று முதல் இரண்டு அங்குலம் மட்டும் அகலமாக இருக்கட்டும். அடியில் துளை கட்டாயம். துளையில்லாத அழகுச் சாடி வேண்டுமென்றால் செடியைத் துளையுள்ள சாடியில் வைத்து அதை உள்ளே இறக்குங்கள்.

3. அடியில் கல்லோ ஓட்டுத்துண்டோ பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பலர் நினைக்கிறார்கள். நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் கல் அடுக்குக்குள் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுதும் ஊறிய பிறகுதான் இறங்கும். ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் கிட்டவாகிறது. மண் ஒழுகாமலிருக்கத் துளையில் ஒரு துண்டு வலை போதும்.

4. வளவு மண்ணைத் தனியாகப் பாவிக்க வேண்டாம். அது சாடிக்குள் இறுகிவிடும். தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணலும் உமிக்கரியும் கலந்து ஒரு பங்கு என்பது எமக்குப் பொருந்திய கலவை. பாம்புச் செடிக்கு மணலைக் கூட்டுங்கள். நெல் ஆலைகள் உள்ள பகுதியில் உமிக்குப் பஞ்சமில்லை. உமி கரியாகக் கறுத்திருக்க வேண்டும்; வெண்சாம்பலாக எரிந்தால் காரத்தன்மை கூடிவிடும்.

5. கொகோபீட் என்று கட்டியாக விற்கும் தும்புத்தூளில் உப்பு இருக்கலாம். ஊறவைத்து இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். கடல் மணலும், வாவியோர மணலும் வேண்டாம். சாடியின் விளிம்பில் வெள்ளைப் படை தெரிந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம் என்று கொள்ளலாம். மழை நீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது நல்லது.

6. சுற்றிய வேர்களை விரலால் தளர்த்துங்கள். கறுத்து மென்மையானவற்றைச் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். முன்பு இருந்த ஆழத்திலேயே வையுங்கள். தண்டை மண்ணால் புதைக்க வேண்டாம். மேலே ஒரு அங்குலம் வெற்றிடம் விட்டு, அடியால் வடியும்வரை ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள்.

7. இரண்டு வாரம் நேரடி வெயில் படாமல் வையுங்கள். ஒரு மாதமாவது பசளை வேண்டாம். இடம் மாறியவருக்கு முதலில் ஓய்வு, பிறகுதான் விருந்து.

வியாபாரமாகச் செய்வோருக்கு

ஆறு அங்குலச் சாடிக்கு ஏறத்தாழ 1.7 லீட்டர் கலவை, எட்டு அங்குலத்துக்கு 4 லீட்டர், பன்னிரண்டு அங்குலத்துக்கு 14 லீட்டர் பிடிக்கும். ஐந்து கிலோ கொகோபீட் கட்டி ஊறினால் சுமார் 70 லீட்டர் வரும். கலவையில் அது பாதி என்பதால் மொத்தக் கலவை 140 லீட்டர். அதைக் கொண்டு எட்டு அங்குலச் சாடி 35 நிரப்பலாம். பன்னிரண்டு அங்குலம் என்றால் பத்துத்தான். சாடியின் விலையை மட்டும் பார்த்து விலை போடுபவர், கலவை, கைக்கூலி, செத்துப்போகும் செடியின் பங்கு ஆகியவற்றை மறந்துவிடுகிறார். மாற்றியவுடன் விற்காமல் இரண்டு வாரம் வைத்திருந்து, தேறியதை மட்டும் விற்றால் திரும்பி வந்து முறையிடும் வாடிக்கையாளர் இருக்க மாட்டார்.

பொய் சொல்லி விற்க வேண்டாம். "இந்தச் செடி வீட்டுக் காற்றைச் சுத்தமாக்கும், நாசாவே சொல்லியிருக்கிறது" என்று நானும் சொல்லி விற்றிருக்கிறேன். 1989 இல் நாசா வெளியிட்ட ஆய்வு, அடைத்து மூடிய சிறு அறைகளில் நடந்தது. பிந்திய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, சன்னல் கதவு திறந்து மூடும் சாதாரணக் கட்டடத்தில் அந்தப் பயன் கிடைக்க ஒரு சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை வேண்டும் என்கிறது. செடி கண்ணுக்குக் குளிர்ச்சி. விற்க அது போதும்.

மணி பிளான்ட், பீஸ் லில்லி போன்றவற்றின் இலையைக் குழந்தை கடித்தால் வாய் எரிந்து வீங்கும். சிறு பிள்ளை உள்ள வீட்டாருக்கு அதைச் சொல்லி, உயரத்தில் வைக்கச் சொல்லி விற்பதே நேர்மை. சாடிக்குக் கீழ் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும் ஆகும். தட்டோடு விற்பவர் அதை வடித்துக் கழுவும் வழக்கத்தையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பெரிய வியாபாரமும் சாடியில்தான் தொடங்கியது

சாடிச் செடியை அற்பமாக நினைப்போருக்கு ஒரு வரலாறு. 1876 இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. முளைத்தவை ஏறத்தாழ 2,700 மட்டுமே. அவற்றில் சுமார் 1,900 நாற்றுக்களை 38 கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் கப்பலில் இலங்கைக்கு அனுப்பினார்கள். வார்ட் என்ற இலண்டன் வைத்தியர் கண்டுபிடித்த அந்தப் பெட்டி, உள்ளே இருக்கும் ஈரத்தையே திரும்பத் திரும்பப் பாவித்துச் செடியைக் கடலில் காக்கும். அவை கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடை தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தொழில் அத்தகைய நாற்றுக்களிலிருந்து பிறந்ததுதான். விதை, பெட்டி, நாற்றுமேடை, தோட்டம் என ஒவ்வொரு படியாகத்தான் அந்தச் செடி பெரிய நிலத்துக்குப் போனது.

எனது கடையின் காசுமேசைக்கு அருகில் இப்போது ஒரு மணி பிளான்ட் நிற்கிறது. பிழைத்த பதினொன்றில் ஒன்று. கடந்த பெப்ரவரியில் அதன் வேர் அடித்துளையால் எட்டிப் பார்த்தது. எட்டு அங்குலச் சாடி ஒன்றை எடுத்துக் கொண்டு மாமியிடம் காட்டினேன். உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்துவிட்டு, "இது சரி" என்றார்.

கடை மாற்ற எண்ணும் நண்பர்கள் முதலில் தமது வேரைக் கழற்றிப் பார்க்கட்டும். தட்டில் இருக்கும் பொருட்களில் மூன்று மாதமாக அசையாதது எவ்வளவு? எழுதிக் கொடுத்த காசோலை எவ்வளவு? வாசலில் இடமின்றித் திரும்பிப் போகும் வாடிக்கையாளர் உண்மையில் எத்தனை பேர்? இந்த மூன்றையும் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். வேர் நெரிபடுகிறது என்று கணக்குச் சொன்னால் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் ஒரு அளவு மட்டும் பெரிதாக.